தீக்கண்ணி கல்லாகக் கிடந்த நாட்கள்

வீட்டுக்கு என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: முதலில் எப்படித் தெரிந்தது? சபையிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், பால் கொண்டுவரும் அம்மாள் தினமும் கேட்கிறாள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் இனி வருகிறவர்களுக்குச் சாயாவோடு சேர்த்து இந்தத் தாள்களையும் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் கையால் ஒரு ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை.

முதலில் தெரிந்தது, ஏழு தலை மலைநாகம் ஒன்றைச் சம்மட்டியால் அடிக்கப் போனபோது. சிரிக்க வேண்டாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கிரேஸ். வயது நாற்பத்தொன்று. நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பல்லியைக் கண்டால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மீன் குழம்பும் சோறும் தின்றுவிட்டு, மூன்று மணிக்குக் கோட்டாற்றில் நிஜாமின் கடை மாடி ஏறினேன் என்றால் நான் தீக்கண்ணி. ஆறேமுக்கால் அடி. ஆயுதம், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய சம்மட்டி. வடமலைக் கோட்டையைத் தனியாளாகக் காத்தவள். ஏரிக்கு அடியில் மூச்சடக்கிப் போய் முதலையரசனின் கிரீடத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள்.

நிஜாம் துபாயில் பத்து வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அங்கே அறைத் தோழர்களாக இருந்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு, ஒரு தடிப் புத்தகமும் ஒரு பை நிறையப் பகடைகளுமாக ஊர் திரும்பினான். இப்போது கோட்டாற்றில் மொபைல் கடை. கதையை நடத்துகிறவன் அவன்தான். மலை, காடு, பூதம், அரசன் எல்லாம் அவன் வாயில் இருக்கிறது. நாங்கள் ஆளுக்கொரு வீரராகி அதற்குள் நடமாடுவோம். "என்ன செய்யுதிய?" என்று கேட்பான். செய்யப்போவதைச் சொல்லி இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. இவ்வளவுதான் விளையாட்டு. ஆடுகிறவர்கள் நான், என் நாத்தனார் ஸ்டெல்லா, மயிலாடியில் சிலைப் பட்டறையில் வேலை செய்யும் முருகேசன். ஸ்டெல்லா மந்திரக்காரி, முருகேசன் வில்லாளி.

எங்கள் மேசைக்குச் சட்டங்கள் உண்டு. பாதியைப் போட்டது நான். டீச்சர் புத்தி எங்கே போகும்? 'நான்' என்றுதான் பேச வேண்டும், 'அவள்' என்று பேசக் கூடாது. அவரவர் பகடையை அவரவர் கைதான் உருட்ட வேண்டும். பகடை தரையில் விழுந்தால் எந்த எண் காட்டினாலும் அது ஒன்று, அதாவது படுதோல்வி. விட்டவரே குனிந்து எடுக்கவும் வேண்டும். ஆள் வராத வாரம் அவருடைய வீரர் கல்லாகி நிற்பார். இந்தக் கடைசிச் சட்டம் முருகேசன் போட்டது. மயிலாடிக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? மாக்கல்லில் எங்கள் மூன்று பேருக்கும் விரல் நீளத்தில் சிலையும் அவனே செய்து வைத்திருக்கிறான். தீக்கண்ணிக்கு என் மூக்கை வைத்ததற்கு அவனோடு இரண்டு வாரம் பேசாமலிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைநாகம் முருகேசனின் வில்லாளியைச் சுற்றி வளைத்துவிட்டது. காப்பாற்ற வேண்டியது நான். எழுந்து நின்று, சம்மட்டியை ஓங்கி நடுத்தலையில் போடுகிறேன் என்று சொல்லிப் பகடையை எடுத்தேன். விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஒன்று. குனிந்து எடுத்தேன். அடுத்த முறையும் விழுந்தது. மூன்றாவது முறை குனிந்தவள், மேசைக் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழும்ப முடிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்புத்தான் வந்தது.

இங்கேதான் நாங்கள் செய்த மடத்தனம் வருகிறது. பகடைக்குக் கண் பட்டுவிட்டது என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். சிணுங்குகிற பகடையை ஒரு ராத்திரி கல்லுப்பில் போட்டு வைத்தால் சரியாகும் என்று துபாயில் செய்வார்களாம். நிஜாம் உப்பு வாங்கி வந்தான். ஸ்டெல்லா அதோடு விடவில்லை. பகடையை உள்ளங்கையில் வைத்து, உப்பும் வற்றல் மிளகாயும் மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. ஆகவே கண் பட்டது உறுதி. பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிற நான் பக்கத்தில் நின்று, இன்னொரு மிளகாய் சேர்த்துப் போடு என்று சொன்னேன். முருகேசன் தன் பங்குக்கு, பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல் பகடை செதுக்கிச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். கைக்கு என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பகடைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை இரண்டாவது பீரியடில் சாக்பீஸ் கையில் நிற்கவில்லை. எடுத்துக் கொடுத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன், அது பயந்திருந்தது. கால் இரண்டும் பஞ்சு மூட்டைபோல் இருந்தன. என் கணவர் சாம் வடசேரியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். போன் செய்த கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் காரிலிருந்து நான் இறங்கவில்லை. இறக்கினார்கள்.

டோக்கன் எண் வரும் பலகைக்குக் கீழே சக்கர நாற்காலியில் இரண்டு மணி நேரம். பிறகு நரம்பு மருத்துவர். என் வயதுதான் இருக்கும், வேகமாகப் பேசுகிற பெண். கையில் ஒரு சின்னச் சம்மட்டி. அதால் முட்டியில் தட்டினால் கால் தன்னால் உதற வேண்டும். தட்டினார். கால் சும்மா கிடந்தது. மறு காலும் அப்படியே. கண்ணை மூடச் சொல்லி என் விரலைப் பிடித்து மேலா கீழா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பலவீனம் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்கு, ஒரு வாரம் இருக்கும், பத்து நாள் இருக்கும் என்று நானும் சாமும் இழுத்தோம். கூட வந்திருந்த ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு உருட்டலையும் அவள் எழுதி வைப்பாள். யார், என்ன எண், எந்தச் சண்டை என்று. மூன்று வாரத்துக்கு முன் எதுவும் தரையில் விழவில்லை. போன ஞாயிறு ஒரு முறை. இந்த ஞாயிறு மூன்று முறை, எழும்ப மேசையைப் பிடித்தது உட்பட. டாக்டர் அதை வாங்கி வாசித்துவிட்டு, இந்த மலைநாகம் யார் என்று கேட்டார். ஸ்டெல்லா ஏழு தலையையும் ஒன்று விடாமல் விளக்கினாள். டாக்டர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, பல நோயாளிகளுக்கு இவ்வளவு தெளிவான கணக்கு கிடைப்பதில்லை என்று சொல்லி நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

நோயின் பெயர் கில்லன்-பாரே. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்; டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தமாதிரி சொல்கிறேன். கிருமி வந்தால் எதிர்க்க நம் உடம்பில் ஒரு காவல்படை இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அந்தக் கிருமியை அடித்து முடித்த படை, ஆள் தெரியாமல் என் நரம்புகளின் மேலுறையையும் அடிக்கத் தொடங்கிவிட்டது. வயர் மேலுள்ள ரப்பர் உரிந்தால் கரண்ட் ஒழுங்காகப் போகாதல்லவா, அதுபோல மூளை சொல்வது விரலுக்குப் போய்ச் சேருவதில்லை. தோலில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் அதையே சொல்லின.

இந்த நோய் ஏறும், ஒரு இடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு இறங்கிவிடும் என்றார் டாக்டர். எதுவரை ஏறும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நெஞ்சுவரை ஏறினால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும். எவ்வளவு கை கால் திரும்பும், எப்போது திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மணிக்கொருமுறை நர்ஸ் வந்து, ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறதோ எண்ணுங்கள் என்பார். கணக்கு டீச்சருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். முதல் நாள் முப்பத்தொன்று வரை போனேன். வியாழக்கிழமை காலை இருபத்தாறு. மாலை இருபத்திரண்டு. பதினைந்துக்குக் கீழே போனால் மெஷின் என்று அவர்கள் தங்களுக்குள் பேசியது என் காதில் விழுந்தது. கைகள் அதற்குள் முழுக்கப் போய்விட்டிருந்தன. மூக்கில் ஈ உட்கார்ந்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

அந்த நேரத்தில் தீக்கண்ணி என் நெஞ்சில் வந்து ஏறி உட்கார்ந்தாள், எனக்கு வீரம் வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாயிருக்கும். பொய். ஏரிக்கு அடியில் மூச்சடக்கிப் போனதெல்லாம் மேசையில் சாயா குடித்துக்கொண்டு போனதுதான். எனக்குப் பயமாக இருந்தது. அழக்கூட மூச்சு வீணாகுமே என்று கணக்குப் போட்டேன். ஜெபம் பாதியில் நின்றுபோனது. ஆனால் ஒன்று மட்டும் கூடவே வந்தது. நாலு வருஷமாக வாராவாரம் கேட்டுக் கேட்டுப் பழகிய நிஜாமின் அந்தக் கேள்வி: "என்ன செய்யுதிய?" பயமா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பூதம் முன்னால் நிற்கிறது, இப்போது என்ன செய்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள் என்பான். மூச்சை இழுக்கிறேன் என்று எனக்கு நானே சொன்னேன். இழுத்தேன். எண்ணுகிறேன் என்றேன். எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை பதினேழு. ஏற்கெனவே மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம், ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக. அதன் விலையைச் சாம் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. காப்பீட்டுக்காரர்களோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் போட்ட சண்டையை மட்டும் பார்த்தேன். சனிக்கிழமை காலை பதினாறு. மாலை பதினாறு. ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வந்தபோது எனக்கு எண்ணவே பிடிக்கவில்லை. எண்ணினேன். பதினெட்டு வந்தது. நர்ஸ் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்து, அதிலேயே மூச்சு முடிந்துபோனது. ஏறியது நின்றுவிட்டது.

இரண்டு நாளில் பொது வார்டுக்கு மாற்றினார்கள். நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். சரியாக நாலுக்கு நிஜாம், முருகேசன், ஸ்டெல்லா மூன்று பேரும் வந்தார்கள். என்னைக் கண்டதும் நிஜாம் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"டீச்சர், நான் பகடையை உப்புல போட்டேனே. உங்களையில்லா ஆஸ்பத்திரில போட்டிருக்கணும்" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருந்தாலும் கோபத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. "அழணும்னா கடைல போய் அழு. விளையாடணும்னா ஸ்டூலை இழுத்துப் போட்டு இரு" என்றேன். பார்க்க வந்தவர்கள் என் வாயிலிருந்து அதை எதிர்பார்க்கவில்லை. நிஜாம் மூக்கைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தான். உள்ளே புத்தகம், பகடை, சிலைகள் எல்லாம் இருந்தன. அழுதாலும் கொண்டு வந்திருக்கிறான், கள்ளன்.

சாப்பாட்டு மேசையை என் நெஞ்சுக்கு நேராகத் தள்ளி அடுக்கினார்கள். அங்கே சட்டப் பிரச்சினை வந்தது. ஆள் வராவிட்டால் கல். நான் இருக்கிறேன், ஆனால் உருட்டக் கை இல்லை. ஸ்டெல்லா எனக்காக உருட்டித் தருவதாகச் சொன்னாள். என் பகடையை எவளும் தொடக்கூடாது என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. பாவம், அன்பில் சொன்னாள். எனக்கோ, சோறு ஊட்டுவதும் முகம் கழுவுவதும் தலை சீவுவதும் எல்லாம் மற்றவர்கள் கை. இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் கத்தினேன்.

நிஜாம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். "ஆளு உண்டு, கை இல்ல. அப்பம் தீக்கண்ணி கல்லுதான். ஆனா வாய் இருக்குல்லா. பேசுற கல்லு. என்னைக்கு டீச்சர் சொந்தக் கையால உருட்டிப் பதினஞ்சோ அதுக்கு மேலயோ போடுதாவளோ, அன்னைக்குக் கல்லு உடையும்."

அப்படியாக நான் பேசும் சிலையானேன். மலைச்சாபத்தில் கல்லாகிப் போன தீக்கண்ணியை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மற்ற இருவரும் இரட்டைக் கணவாயை நோக்கிப் போனார்கள். நான் வண்டியில் கிடந்தபடியே எல்லாருக்கும் உத்தரவு போட்டேன். கொள்ளைக்காரர்கள் வந்தால் சிலை திடீரென்று உறுமும்; பாதிப் பேர் பயந்து ஓடுவார்கள். ஒரு கிராமத்தில் என்னைச் சாமி என்று நினைத்து மாலை போட்டார்கள். சபை மூப்பர் பார்க்க வந்த நேரம் பார்த்து நான் காணிக்கை கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுச் சுருக்கமாக ஜெபம் பண்ணிப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்ட மரியபுஷ்பம் படுத்திருந்தாள். இராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிறவள். முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். மூன்றாம் நாள் திரைச்சீலையை விலக்கச் சொன்னாள். நாலாம் நாள், வில்லாளிக்கு அறிவில்லை, மரத்தில் ஏறி அடிக்கச் சொல் என்று யோசனை சொன்னாள். அவள் சொன்னபடி முருகேசன் ஏறினான், பத்தொன்பது விழுந்தது. அதற்குப் பிறகு அவளைக் கேட்காமல் அவன் ஒன்றும் செய்வதில்லை.

சாம் மட்டும் ஒதுங்கி ஜன்னலோரம் இருப்பார். நாற்பது வயதில் பொம்மை விளையாட்டு என்று நாலு வருஷமாகச் சொல்லி வந்த மனுஷன். பேச்சும் குறைவு. அந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு என்னோடேயே இருந்தார். கஞ்சியை ஆற்றி ஊட்டுவார். ஒரு சொட்டு தாடையில் விழுந்தால் நான் உணர்வதற்குள் துடைத்துவிடுவார். இரண்டு மணிக்கொருமுறை என்னைப் புரட்டிப் படுக்க வைப்பார். சரியாகிவிடும் என்றோ பயப்படாதே என்றோ ஒரு சொல் சொல்ல மாட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இப்படியே கிடந்துவிட்டேன் என்றால், இந்த மனுஷன் எத்தனை நாள் தாங்குவார்? கேட்க வாய் வரவில்லை.

ஒருநாள் வண்டியோட்ட ஆளில்லை என்று நிஜாம் அவரை இழுத்துவிட்டான். சும்மா வண்டியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றான். சாம் வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று இரட்டைக் கணவாய் வந்தது. வழியை மறித்து ஒரு பூதம் நின்றது. கல்லை இங்கே போட்டுவிட்டு நீங்கள் மூன்று பேரும் போகலாம், உயிரோடு விடுகிறேன் என்றது. நிஜாமின் பூதக் குரல் கேட்டால் மரியபுஷ்பமே போர்வையை இழுத்துக்கொள்வாள்.

"வண்டிக்காரரே, என்ன செய்யுதிய?" என்று கேட்டான் நிஜாம்.

சாம் ஸ்டூலை மேசைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டார். பிறகு, வண்டிக்காரன் வண்டியை விட மாட்டான் என்று வைத்துக்கொள் என்றார். அப்படிச் சொல்லக் கூடாது, 'நான்' என்று சொல்ல வேண்டும், டீச்சர் போட்ட சட்டம் என்றாள் ஸ்டெல்லா. சாம் பூதத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த கல் பொம்மையைப் பார்த்தார்.

"நான் இவளை இங்க விட்டுட்டுப் போவ மாட்டேன்" என்றார். "எழும்புனாலும் சரி, எழும்பாட்டாலும் சரி. இழுத்துட்டே போவேன்."

பகடையை உருட்டச் சொன்னார்கள். நாலு விழுந்தது. பூதம் வண்டியைக் கவிழ்த்து எல்லாரையும் மலையடிவாரத்துக்கு உருட்டிவிட்டது. யாருக்கும் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மரியபுஷ்பம் மூக்கைச் சிந்தினாள். என் கண்ணிலிருந்து வந்தது காதுக்குள் போய்க்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. சாம் துடைத்துவிட்டார்.

இறங்குவது ஏறுவதைப்போல் வேகமாக இல்லை. பிசியோதெரபிக்கு வருகிற பிந்து மார்த்தாண்டத்துக்காரி, வாயில் பாதி மலையாளம். கால் கையை மடக்கி நீட்டி உயிரை வாங்குவாள். பிடித்துப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். நான் முருகேசனின் கல் பகடையைக் கேட்டேன். அது உள்ளங்கையில் குளிர்ச்சியாகக் கிடக்கும். மூன்று நாள் சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த பதினேழாம் நாள் காலையில் பிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "கொள்ளாம் டீச்சரே, நல்லாருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். கட்டைவிரல் அதன்மேல் படிந்திருந்தது. நான் படியச் சொன்னேன், அது படிந்தது. அவ்வளவுதான். அதற்காக நானும் அவளும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள்.

அன்று நாலு மணிக்குக் கல் பகடையை மேசையில் வைத்து, என் விரலை அதன் பக்கத்தில் வைத்தார்கள். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். தள்ளினேன். அசையவில்லை. மறுபடியும் தள்ளினேன். அது ஒரு முகம் புரண்டு நின்றது. ஆறு. வேண்டியது பதினைந்து. தோல்வி. வார்டே கைதட்டியது. மரியபுஷ்பம் அன்று தன் வீட்டிலிருந்து வந்த மீன் அவியலை எல்லாருக்கும் பங்கு வைத்தாள். தோற்றதற்கு விருந்து என்பது எங்கள் விளையாட்டில் அதுவே முதல்முறை.

அடுத்த நாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் மூன்று. கல் பகடையின் முகங்கள் ஒரே அளவில் இல்லை, அது பதினைந்தைத் தொடவே தொடாது என்று முருகேசனோடு சண்டை போட்டேன். இருபத்திரண்டாம் நாள் பதினேழு விழுந்தது. நிஜாம் எழுந்து நின்று, கல் வெடித்துத் தீக்கண்ணி வெளியே வந்ததை அரைமணி நேரம் வர்ணித்தான். பிசியோதெரபி அறைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நான் முதல்முதலாக நின்றது அதற்கு மறுநாள். இருபத்தாறாம் நாள் வாக்கரோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டிலும் நாட்கள் போயின. வாக்கர் போய்க் கம்பு வந்தது, கம்பு போய்ச் சாமின் தோள் வந்தது. டாக்டர் போன வாரம் சின்னச் சம்மட்டியால் தட்டினார். கால் லேசாக உதறியது. அதைப் பார்த்துவிட்டு, இனி மாடி ஏறலாம் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டாற்றுக்குப் போனோம். நிஜாமின் கடைக்குப் பதினெட்டுப் படி. பாதியில் இரண்டு முறை நின்றேன். சாம் ஒரு படி கீழே, விழுந்தால் பிடிக்கிறமாதிரி, ஆனால் தொடாமல் வந்தார். அவருக்கும் இப்போது மேசையில் ஒரு பொம்மை இருக்கிறது, வண்டியோடு.

இரட்டைக் கணவாயில் அந்தப் பழைய பூதம் எங்களுக்காகவே காத்திருந்தது. நான் எழுந்து நின்று, நான் தீக்கண்ணி, என் வண்டிக்காரனைக் கவிழ்த்தவன் நீதானா என்று கேட்டேன். பகடையை எடுத்து உருட்டினேன். விரல் கடைசி நேரத்தில் ஏமாற்றிவிட்டது. பகடை மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, மேசைக்கு அடியில் ஓடியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் குனியப் போனார்கள். தொடக்கூடாது என்றேன். விட்டவள்தான் எடுக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்து, ஒரு முட்டியை ஊன்றி, மறு முட்டியை ஊன்றி மேசைக்கு அடியில் போனேன். எல்லாருடைய கால்களும் தெரிந்தன. முருகேசனின் பாதத்தில் கல் தூசி. பகடை நிஜாமின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது, இருபதைக் காட்டிக்கொண்டு. எடுத்துக் கைக்குள் மூடினேன். தரையில் விழுந்தது ஒன்றுதான். சட்டம் போட்டவளே மீறலாமா? ஒன்று என்று கீழே இருந்தபடியே சொன்னேன். ஸ்டெல்லா நோட்டில் எழுதும் சத்தம் கேட்டது.

மேலே நிஜாமின் குரல் வந்தது. பூதக் குரல் இல்லை, அவனுடைய சொந்தக் குரல்.

"பூதம் அடிச்ச அடியில தீக்கண்ணி தரையில கிடக்கா. டீச்சர், என்ன செய்யுதிய?"

மேசைக் காலைத் தேடினேன். அன்றைக்குப் பிடித்த அதே கால்தான். பிடிக்காமல் விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றினேன்.

"எழும்புதேன்" என்றேன்.